நாற்பதாம் நாள் தீ

மணல்மேட்டுக் குப்பத்துக்குள் நுழைய இரண்டு வழி உண்டு. படகில் வந்தால் ஏரிக்கரையில் இறங்க வேண்டும். காலை வேளையில் ஊர் குந்திவிட்டுப் போன பிறகு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. தரைவழியாக வந்தால் சவுக்குத் தோப்பு. அங்கேயும் இருக்காது. தாமோதரன் பிறந்து வளர்ந்த ஊர் அது. பொன்னேரியில் தங்கி வேதியியல் படித்த மூன்று வருடம் தவிர வேறெங்கும் அவன் இருந்ததில்லை. தரையைப் பார்த்தே நடக்கும் பழக்கம் அங்கே போயும் அவனை விட்டுப் போகவில்லை.

எண்பத்து மூன்றாம் வருட ஐப்பசி மழையில் ஏரி கரையேறியது. கரையில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. அந்த வாரமே வாந்திபேதி. அவன் மனைவி சரோஜா பழவேற்காட்டுக்குப் போகிற படகிலேயே செத்தாள். கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். அவன் சட்டையைக் கழற்றித் துடைத்தான், சட்டை நனைந்த பிறகு கையால் துடைத்தான். அப்போது அருவருப்பு என்று ஒன்று தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் தோன்றியது. கிணற்றுத் தண்ணீரில், வெந்த மீனில், மனிதர்கள் சிரிக்கும்போது தெரிகிற பல்லில். அழுகை மட்டும் வரவில்லை.

அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் அடுப்பும் சேர்ந்தால்தான் தலைக்கட்டு. பெண்டாட்டி செத்தால் மறுபடி கட்டிக்கொள்கிறவரை ஆண்பிள்ளைக்கு ஊர்க் கணக்கில் இடமில்லை, ஏரியில் பங்கும் இல்லை. தாமோதரன் வீட்டு அடுப்பில் பூனை படுத்தது. அவன் தினமும் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய் பரக்கத் பீவியின் இட்லிக் கடையில் தின்றுவிட்டு வந்தான்.

மறுவருடம் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கிராமங்கள் தங்களுக்கு வேண்டிய எரிபொருளைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பொறியாளர் கேசவன் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார். உள்ளூரில் படித்தவன் ஒருவன் வேண்டும் என்றார். தாமோதரனைக் காட்டினார்கள். கேசவன் மணலில் குச்சியால் படம் போட்டார். வரிசையாக ஆறு கழிப்பறை. அவற்றிலிருந்து ஒரு குழாய். குழாய் போய்ச் சேரும் இடத்தில் செங்கல் கட்டிய ஆழமான குழி, அதன்மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். உள்ளே ஊறுவதிலிருந்து எரிவாயு கிளம்பும், டிரம் மேலே எழும்பும். பக்கத்தில் கொட்டகை, அதில் அடுப்புகள். புகை கிடையாது, விறகு கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது. நாளைக்கு உலகமே இப்படித்தான் ஆகப்போகிறது என்றார்.

தாமோதரன் படத்தில் கழிப்பறையை மட்டும் பார்த்தான். நெருப்பு கேசவனுக்கு. கழிப்பறை அவனுக்கு. கரை சுத்தமானால் கிணறு சுத்தமாகும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலைக்கு வருகிறேன் என்றான்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. நாட்டாமை தனக்கோடி சரோஜாவின் அப்பா. மகள் போன பிறகும் தாமோதரனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அவன் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு துப்பினார்.

"ஏன் மாப்ள, எவனோ பேண்ட பீயில என் வூட்டு மீனு வேவணுமா?"

கூட்டம் சிரித்தது. தாமோதரன் வேதியியல் சொன்னான். வருவது வெறும் வாயு, அதில் அழுக்கு ஒட்டாது, நாற்றம் இருக்காது என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. கேட்கவுமில்லை. ஆனால் பெண்கள் கலையாமல் நின்றார்கள். சவுக்குத் தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது. சருகு கூட்டப் போகிறவளைக் காவலாள் விரட்டுகிறான். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் போகிறது. அவர்களுக்கு நெருப்பு வேண்டும்.

கரைத்தெருப் பொன்னியம்மாள்தான் வழி சொன்னாள். பழவேற்காட்டுச் சந்தையில் மீன் விற்கிறவள், வாய்க்கு ஊரே பயப்படும்.

"தண்ணிக்குப் பாடு போடுறோம்ல, அந்த மாரி இதுக்கும் போடு. எங்க நாள்ல நாங்க போறோம், நாங்க ஆக்கித் துன்றோம். உங்க நாள்ல நீங்க. அவங்கவங்க கலீஜு அவங்கவங்களுக்கு."

பாடு என்பது அந்த ஏரிக்காரர்களின் முறை. இறால் ஓடுகிற இடம் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு நாளைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு தெருவின் பாடு என்றால் அன்றைக்கு அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான் வலை இறக்குவார்கள். அடுத்தவன் பாட்டில் வலை போடுவதும் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைவதும் ஒன்று. மேலத்தெரு, நடுத்தெரு, கரைத்தெரு என்று மூன்று தெரு, மூன்று வகையறா. மேலத்தெருவுக்கும் கரைத்தெருவுக்கும் வலை அறுத்த பழைய பகை. ஒரு தெரு மற்றதன் வீட்டில் தண்ணீர் குடிக்காது.

பொன்னியம்மாள் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. சொந்த சனத்தின் அசிங்கத்தில் சொந்த சனம் சோறாக்கித் தின்பது பெரிய பாவமில்லை என்று மேலத்தெருத் தனக்கோடியே சொன்னார்.

தாமோதரன் வாயைத் திறந்தான். இன்று உள்ளே போவது இன்று எரியாது. குழிக்குள் ஊறிப் புளித்து வாயுவாக நாற்பது நாள் ஆகும். அதற்குள் மூன்று தெருவினுடையதும் ஒன்றாகக் கலந்துவிடும். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். எதிரே முகங்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

கழிப்பறை எழுந்தது. முதல் நிரப்புக்கு உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக மாட்டுச் சாணம் வந்தது. அதில் கிளம்பிய வாயுவைப் பொதுவில் எரித்துப் பொங்கல் வைத்தார்கள். பிறகு சீட்டுப் போட்டார்கள். முதல் நாள் மேலத்தெரு, அடுத்தது நடுத்தெரு, அதற்கடுத்தது கரைத்தெரு, மறுபடி மேலத்தெரு. ஏரிப் பாட்டை எப்படிக் காப்பார்களோ அப்படிக் காத்தார்கள். தங்கள் பாடு வருகிற நாளுக்காக முந்தின நாளே அடக்கி வைத்திருக்கிற ஆண்கள் இருந்தார்கள். பிள்ளைகள் மணலில் உட்கார்ந்தால், நம் வீட்டு நெருப்பைக் கொண்டுபோய்க் கரையில் கொட்டுகிறாயே என்று தாய்மார்கள் முதுகில் ஒன்று வைத்தார்கள். காட்டுப்பள்ளியிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளையைக் காப்பி கொடுக்கும் முன்பே சொம்போடு கழிப்பறைக்கு அனுப்பினார்கள். அவன் மூன்று நாள் தங்குவதாக வந்தவன் அன்றைக்கே ஊர் திரும்பினான்.

நெருப்பு நீலமாக எரிந்தது. பெண்கள் சட்டிகளோடு கொட்டகைக்கு வந்து முறை வைத்து ஆக்கினார்கள். கரையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஐப்பசி மழையில் ஏரி வழக்கம்போலக் கரையேறியது. வாந்திபேதி வரவில்லை. கழிப்பறையால்தானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. ஒரு மழை போதாது. ஆனாலும் ஒரு மழை.

தாமோதரனுக்கு அங்கே பங்கு இல்லை. அடுப்பில்லாதவனுக்கு எதற்கு நெருப்பு? ஆனால் ஊரார் கூப்பிட்டுத்தான் பார்த்தார்கள். ஒரு வாய் இறால் தொக்கு தின்றுவிட்டுப் போ என்பார்கள். அவன் வயிறு சரியில்லை என்பான், பீவி கடையில் தின்றுவிட்டேன் என்பான். வேதியியல் எல்லாம் தெரிந்தவன் அவன். நீலத் தீயில் ஓர் அணு அழுக்குகூட இல்லை என்று தெரியும். அந்தச் சட்டியின் ஆவி முகத்தில் பட்டால் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும்.

சரோஜாவின் வருடப் படையல் அந்த மழையில்தான் வந்தது. ஊரில் காய்ந்த விறகு ஒரு குச்சி இல்லை. அன்று மேலத்தெருப் பாடு. தனக்கோடி மகளுக்குப் பிடித்ததெல்லாம் கொட்டகை அடுப்பில் ஆக்கச் சொன்னார். மடவை மீன் குழம்பு, வடை, பாயசம். மகள் படத்துக்கு முன் வாழையிலையில் வைத்துக் கற்பூரம் காட்டினார். காக்கைக்கு வைத்தார். தாமோதரன் காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றான். தனக்கோடி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மறுவருடம் ஆவணியில் கேசவன் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இன்னும் இரண்டு குழி கட்டப் பணம் வரும். தாமோதரன் அன்று முழுக்க அதையே நினைத்தான். தெருவுக்கு ஒரு குழி. பிறகு பாடு வேண்டாம், எல்லாத் தெருவும் எல்லா நாளும் போகலாம். கரையில் ஒருத்தரும் உட்கார வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது.

வெள்ளைக்காரர் வந்த நாள் கரைத்தெருப் பாடு. பொன்னியம்மாள் கொட்டகையில் தேநீர் போட்டுப் புது எவர்சில்வர் டம்ளர்களில் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரர் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கேசவன் இன்றைக்கு விரதம் என்றார். பத்து நிமிடம் கழித்து ஜீப்புக்குப் பின்னால் நின்று, சென்னையிலிருந்து கட்டி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். தாமோதரன் பார்த்துவிட்டதைப் பார்த்ததும் மாத்திரை போட வேண்டியிருக்கிறது என்றார். சட்னி விரல் இடுக்கில் வழிந்தது. தாமோதரனுக்கு அந்த விரலை ஏரியில் முக்கி வைக்க வேண்டும்போல இருந்தது. இருவருக்கும் ஒரே வியாதிதான் என்பது உடனே நினைவுக்கு வந்தது. அதனால் வெறுப்பு குறையவில்லை, இரட்டிப்பானது.

வெள்ளைக்காரர் மைக் முன் நின்றார். அவர் பேசியதைத் தாமோதரன் தமிழில் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நல்லவர். தெற்கே அனல்மின் நிலையத்தின் புகை தெரிகிற பக்கம் கையைக் காட்டினார். தங்கள் நாட்டில் இதைவிடப் பெரிய புகை உண்டு என்றார். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்து உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது, ஒருநாள் எல்லா நாடும் அந்த நெருப்பை அணைக்கத்தான் வேண்டும், இந்தச் சிறிய ஊர் எங்களுக்கு முன்னால் போய்விட்டது என்றார். தாமோதரன் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினான். கைதட்டினார்கள்.

பிறகு அவர் கொட்டகையைக் காட்டினார். என்னை நெகிழ வைப்பது இதுதான் என்றார். இன்று இந்தத் தாய் எனக்குத் தேநீர் போட்ட நெருப்பு இன்றைக்குக் கிடைத்தது அல்ல, நாற்பது நாளுக்கு முன் அண்டை வீட்டார் கொடுத்தது, அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, இதில் என்னுடையது உன்னுடையது கிடையாது.

தாமோதரன் மைக்கை அருகே இழுத்தான்.

"உங்க ஒத்துமையைப் பாத்து ரொம்ப சந்தோஷமா இருக்குனு சொல்றாரு," என்றான்.

கேசவன் எழுந்து வந்தார். சிரித்துக்கொண்டே மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி முக்கியமானதை விட்டுட்டாரு. சயின்ஸ் படிச்ச பையன், இதை விடலாமா? நல்லா கேட்டுக்குங்க. இன்னைக்கு நீங்க உள்ள போடுறது இன்னைக்கு எரியாது. நாப்பது நாள் ஆகும். மூணு தெருவுதும் ஒண்ணாக் கலந்துதான் கேஸ் வருது. உங்க அடுப்புல எரியுறது அடுத்த தெரு கொடுத்தது. இதுதான் சமத்துவம்."

வெள்ளைக்காரர் தலையாட்டிக் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

நாற்பது நாளுக்கு முன் யார் பாடு என்று சொல்ல அந்த ஊரில் காகிதமோ பென்சிலோ வேண்டாம். பல தலைமுறையாக அதைத்தான் கணக்குப் போட்டுப் பிழைக்கிறார்கள். விரல்கள் மடங்கின. மேலத்தெரு நாளிலிருந்து நாற்பது நாள் பின்னால் போனால் கரைத்தெரு. கரைத்தெருவிலிருந்து போனால் நடுத்தெரு. நடுத்தெருவிலிருந்து போனால் மேலத்தெரு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கணக்கை முடித்தார்கள். முதலில் நடுத்தெருவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வேலியோரம் வாந்தி எடுத்தாள். வெள்ளைக்காரர் வெயில் என்று நினைத்துக் குடை கொண்டுவரச் சொன்னார்.

பொன்னியம்மாள் தன் கையிலிருந்த டம்ளரை மணலில் கவிழ்த்தாள். பிறகு மேலத்தெருக்காரர்கள் நின்ற பக்கம் திரும்பி, இத்தனை நாளாக எங்கள் வீட்டுத் தண்ணீர்தானே உங்களுக்கு ஆகவில்லை என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். கேசவன் வெள்ளைக்காரரைத் தள்ளிக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினார்.

தாமோதரன் கத்தினான். அது நாற்பதாம் நாள் சரியாக வருகிற கணக்கு இல்லை, எல்லாம் எல்லாவற்றோடும் கலந்தது என்றான். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று அவனுக்கே புரிந்தது.

தனக்கோடி சண்டைக்குப் போகவில்லை. அவனிடம் வந்தார்.

"என் பொண்ணு படையல் அன்னிக்கு உனக்குக் காய்ச்சல் இல்ல."

தாமோதரன் காலடி மணலைப் பார்த்தான்.

"நெத்தி சில்லுனு இருந்துச்சு மாப்ள. மனசு சரியில்லனு நெனச்சேன். பொண்டாட்டி நெனப்புல கீறான், துன்ன முடியலனு நெனச்சு வூட்ல போயி அழுதேன். உனக்குத் தெரியும். கரைத்தெருப் பீயில வெந்ததைத்தான் அவளுக்கு வைக்கிறோம்னு தெரியும். அவளுக்கு வையினு உட்டுட்ட. நீ மட்டும் துன்னல."

அடித்திருக்கலாம். அவர் அடிக்கவில்லை. வெற்றிலை எச்சிலைக்கூடத் தள்ளிப் போய்த்தான் துப்பினார்.

அன்றைக்கே ஆறு கழிப்பறையிலும் மணலை வாரிக் கொட்டினார்கள். மூன்று தெருவும் ஒன்றாகச் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான். மறுநாள் விடியலில் கரை பழையபடி நிரம்பியது. கேசவனைப் பார்க்கத் தாமோதரன் சென்னைக்குப் போனான். கைக்குட்டையும் இல்லை, மூக்கில் கையும் இல்லை. ஆனாலும் அதே முகம். அந்த ஜனத்துக்கு அசிங்கத்திலேயே இருந்து பழக்கம், அதுகளுக்கு முன்னேற்றம் ஒத்துக்கொள்ளாது என்றார். நிறுவனம் அடுத்து காற்றாலையில் இறங்கப் போகிறது, காற்றில் கலக்க ஒன்றுமில்லை பார் என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னார். தாமோதரன் இன்றைக்கும் விரதமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தான்.

கழிப்பறையை மூடினாலும் குழிக்குள் இருந்தது நின்றுவிடவில்லை. அதற்கு ஊர்ப் பகை தெரியாது. உள்ளே கிடந்தது புளித்துக்கொண்டே இருந்தது. டிரம் நாளுக்கு நாள் மேலே எழும்பியது. எரிக்க ஆளில்லாமல் வாயு விளிம்பைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக வெளியேறியது. கொட்டகைப் பக்கம் யாரும் வரவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம் ஒருநாள் மாலை தாமோதரன் வீட்டுக்குள் போய்ப் பரணிலிருந்து ஒரு சோற்றுப் பானையை இறக்கினான். சரோஜா சீதனமாகக் கொண்டுவந்த அலுமினியப் பானை. தூசியைக் கழுவினான். அரிசியும் நாலு கிழங்கான் மீனும் வாங்கி வைத்திருந்தான். கொட்டகைக்குப் போய்க் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தான். பிடித்துக்கொண்டது. அவனுக்கு ஒருநாளும் பங்கில்லாத நெருப்பு. இப்போது முழுப் பாடும் அவனுடையது.

சோறு வெந்தது. குழம்பு கொதித்தது. ஆவி முகத்தில் அடித்தது. அவன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கவளம் உள்ளே போக மறுத்தது. கண்ணை மூடினால் படகு வந்தது, சட்டை வந்தது, கை வந்தது. அந்தக் கையாலேயே அள்ளி வாயில் வைத்தான். விழுங்கினான். தட்டைக் காலி செய்தான். எல்லாச் சோறும்போல ஒரு சோறு. குமட்டல் போகவில்லை. தின்னவும் முடிந்தது. அவ்வளவுதான்.

டிரம்மில் இன்னும் வாயு இருந்தது. பானையைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மறுபடி அடுப்பில் வைத்தான். கொதித்து இறக்கி, ஆறியதும் மூடி, கொட்டகை வாசலில் ஒரு டம்ளரோடு வைத்தான். மறுநாளும் வைத்தான். அதற்கடுத்த நாளும். மழை வரப்போகிறது, காய்ச்சிய தண்ணீரைக் குடியுங்கள் என்று மூன்று தெருவிலும் போய்ச் சொன்னான். மேலத்தெருவில் கதவைச் சாத்தினார்கள். நடுத்தெருவில் காறித் துப்பினார்கள். கரைத்தெருவில் பொன்னியம்மாள், எங்கள் குலமே அற்றுப்போனாலும் அதைக் குடிக்க மாட்டோம் என்றாள்.

முதல் மேகம் ஏரிமேல் கறுத்து நின்ற காலையில் தனக்கோடி அந்த வழியாக வந்தார். கையில் கரைக்கு ஒதுங்கக் கொண்டுபோகிற தகர டப்பா. அன்றைக்குப் பிறகு அவனோடு பேசியதில்லை. பானையைப் பார்த்து நின்றார்.

"நீ துன்றியாமே இதுல. சொன்னாங்க."

"துன்றேன் மாமா."

"எப்பிடிகீது?"

"சோறு மாரிதான் கீது."

அவர் பானையின் மூடியைத் திறந்தார். தண்ணீர் அடி தெரிகிற தெளிவாக இருந்தது. குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து ஏரியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். அவர் ஒரு வாய் குடித்தால் மேலத்தெரு குடிக்கும். மேலத்தெரு குடித்தால் மற்ற தெரு வீம்புக்காவது குடிக்கும்.

தனக்கோடி டப்பாவைச் சாய்த்து, அதில் இருந்த தண்ணீரை மணலில் ஊற்றினார். பானையிலிருந்து டப்பா நிறைய மொண்டுகொண்டார்.

"குடிக்க ஆவாது," என்றார். "கழுவிக்கலாம்."

டப்பாவோடு கரைப் பக்கம் நடந்தார். போகிற வழியில்தான் ஊர்க் கிணறு. மேகம் அதற்கு மேலே வந்திருந்தது.